டெல்லில ஸ்விம்மிங் பூல் ஓபனிங் சர்வீஸ் ஆரம்பிக்கணுமா, முதல்ல தண்ணிய கொட்டாம திறக்க கத்துக்கோங்க

சென்னைல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட நான் பூல் திறந்து குடுக்கற வேலை பண்றேன்னு சொன்னா புரியவே புரியாது, ஏன்னா அங்க பூல் வருஷம் முழுக்க ஓடிட்டு இருக்கும், மூடினா தானே திறக்கறதுக்கு. டெல்லி கதை வேற. தீபாவளி ஒட்டி தண்ணி சில்லுனு ஆனதுமே சொசைட்டி, ஸ்கூல், கிளப், சத்தர்பூர் பக்கம் ஃபார்ம்ஹவுஸ்னு திறந்தவெளில இருக்கற பூல் முக்காவாசி மூடிடுவாங்க, அப்புறம் மார்ச் வரைக்கும் அந்த பக்கம் யாரும் எட்டிக்கூட பாக்க மாட்டாங்க. திடீர்னு ஒரு நாள் வெயில் சுள்ளுனு அடிக்கும், பசங்களுக்கு பரீட்சை முடியும், உடனே எல்லா சொசைட்டி செக்ரட்டரிக்கும் ஒரே வாரத்துல பூல் ஞாபகம் வரும். அந்த நாலஞ்சு மாசத்துல தண்ணி பாசி புடிச்சு பச்சையா, அடில புறா எச்சமும் வேப்பிலை அரச இலையும் ஊறி சேறா கிடக்கும். இத சரி பண்ணி குடுக்கறது தான் நம்ம தொழில்.

நான் மயூர் விஹார்ல இருக்கேன், கஸ்டமர்ஸ் அதிகமா கிழக்கு டெல்லி, நொய்டா பக்கம். இந்த வேலைய ஆரம்பிக்கணும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்க, குறிப்பா பிளம்பிங் எலக்ட்ரிகல் தெரிஞ்ச பசங்க, அதனால தெரிஞ்சத முழுசா எழுதிடறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதிய வெச்சுக்கோங்க. டெல்லில ஓபனிங்னு சொன்னாலே பூல் ஆபரேட்டர் பையா சொல்றது ஒண்ணு தான், "பானி நிகால் தோ", தண்ணிய எடுத்து விட்டுட்டு புதுசா ரொப்பு. எத்தன தண்ணின்னு கணக்கு பாருங்க, 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர்னு ஒரு சாதாரண சொசைட்டி பூல எடுத்தா 108 கன மீட்டர், அதாவது 1,08,000 லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர்னா 11 டேங்கர். ஒவ்வொரு கோடைலயும் இதே ஊர்ல ஜனங்க பக்கெட்டும் டியூபும் எடுத்துட்டு டேங்கர் பின்னாடி ஓடறத பாத்துட்டு இருக்கோம், அப்படிப்பட்ட ஊர்ல ஒரு லட்சம் லிட்டர டிரெய்ன்ல விடறதுக்கு எனக்கு மனசு வரல, வரவும் கூடாது. பச்சையா இருந்தா தண்ணி செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, முக்கால்வாசி பூல அதே தண்ணிலயே கண்ணாடி மாதிரி ஆக்கிடலாம். கஸ்டமருக்கு டேங்கர் செலவு மிச்சம், அந்த மிச்சம் தான் உங்க கூலிக்கு நியாயம். இத செய்யத் தெரிஞ்சா நீங்க சர்வீஸ் குடுக்கறவர், தெரியலன்னா பூல் கழுவற ஆள், அவ்ளோதான் வித்தியாசம்.

காலக்கணக்கு

இந்த தொழில்ல சம்பாதிக்கற ஜன்னல் ரொம்ப சின்னது, பிப்ரவரி நடுவுலேந்து ஏப்ரல் நடு வரைக்கும் சுமார் எட்டு வாரம். சித்திரை ஒண்ணுக்கு, இங்க உள்ளவங்களுக்கு பைசாக்கி, அதுக்குள்ள பூல் ஓடணும்னு தான் பெரும்பாலும் கேப்பாங்க. பொங்கலுக்கு ஊருக்கு போனீங்கன்னா ஜனவரி 20க்குள்ள திரும்பிடுங்க, ஏன்னா சொசைட்டி கமிட்டி மீட்டிங்ல கொட்டேஷன் பாஸ் ஆக ரெண்டு மூணு வாரம் புடிக்கும், மார்ச்ல போய் நின்னா வேற யாராவது வாங்கிட்டு போயிருப்பாங்க. பிப்ரவரிலயே தண்ணில கைய வெச்சுட்டா இன்னொரு லாபமும் இருக்கு, தண்ணி சில்லுனு இருக்கறவரைக்கும் பாசி மெதுவா தான் வளரும், மார்ச் வெயில் ஏறின அப்புறம் அதே பூல் ரெண்டு மடங்கு குளோரின் குடிக்கும்.

ஹோலிக்கு முன்னாடி மட்டும் பூல ஒப்படைக்காதீங்க. ஹோலி அன்னிக்கு கலர் பூசிட்டு நேரா பூல்ல குதிப்பாங்க, நீங்க பத்து நாள் பாடுபட்டது ஒரு மதியத்துல போயிடும். தேதி ஹோலிக்கு ரெண்டு நாள் கழிச்சுன்னு கொட்டேஷன்லயே எழுதிடுங்க, அதுவரைக்கும் பூல பூட்டி வெக்கறது சொசைட்டி பொறுப்புன்னும் சேத்துக்கோங்க.

ஆனா உண்மைல ஓபனிங் வேலை ஆரம்பிக்கறது அக்டோபர்ல. நான் முதல் ரெண்டு வருஷம் இத புரிஞ்சுக்காம மார்ச்ல மட்டும் ஓடி ஓடி உடம்ப கெடுத்துக்கிட்டேன். மூடற அன்னிக்கு இலை தூசி எல்லாம் எடுத்து, சுவர தேய்ச்சு, பிஹெச் (தண்ணியோட அமில, கார அளவு) சரி பண்ணி, ஒரு ராத்திரி ஷாக் குளோரின் (வழக்கத்த விட ரொம்ப அதிக டோஸ்) போட்டு, அது இறங்கினதும் பாசி மருந்து போட்டு, வலையோ தார்பாயோ கட்டிட்டு, குளிர்காலம் பூரா வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டி கொஞ்சம் குளோரின் போட்டுட்டு வந்தா மார்ச்ல அந்த பூல் மூணு நாள்ல தயார் ஆயிடும். விட்டுட்டா பன்னெண்டு நாள் ஆகும். அதனால குளோசிங், குளிர்கால கவனிப்பு, ஓபனிங் மூணையும் ஒரே பேக்கேஜா விக்க பாருங்க. கமிட்டிகிட்ட பேசறப்ப கொசுவ சொல்லுங்க, எம்சிடி (டெல்லி மாநகராட்சி) ஆளுங்க வீடு வீடா வந்து லார்வா இருக்கான்னு டார்ச் அடிச்சு பாக்கறாங்க, தேங்கின பூல்ல புழு நெளிஞ்சா நோட்டீஸ் தான். டெங்கு பயம் இருக்கற ஊர்ல இத யாரும் தட்ட மாட்டாங்க, தட்டவும் கூடாது.

டெல்லி குளிர்ல பைப்ல தண்ணி உறைஞ்சு வெடிக்கற அளவுக்கு எல்லாம் போகாது, அதனால அமெரிக்கா வீடியோ பாத்துட்டு பைப்ல காத்தடிச்சு தண்ணிய வெளியேத்தறது, ஆன்ட்டிஃப்ரீஸ் ஊத்தறது எல்லாம் இங்க தேவையில்ல. அவங்க பிரச்சனை பனிக்கட்டி, நம்ம பிரச்சனை புறா, தூசி, கொசு, எலி.

என்னென்ன வாங்கணும், எங்க வாங்கணும்

பெரிய முதல் வேண்டாம். நீளமான டெலஸ்கோப் கம்பி, இலை வலை, நைலான் பிரஷ், வேக்யூம் ஹெட்டும் ஹோஸும், ஒரு சப்மெர்சிபிள் பம்ப், நல்ல டெஸ்ட் கிட், மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், சிலிக்கான் கிரீஸ், சில சைஸ்ல ஓ ரிங். டெஸ்ட் கிட்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மஞ்ச கலர் காட்டற பழைய ஓடிஓ கிட் மொத்த குளோரின மட்டும் தான் காட்டும், டிபிடி கிட் வாங்குங்க, அதுல தான் வேலை செய்யற குளோரினும் செத்த குளோரினும் தனித்தனியா தெரியும். ரீஏஜென்ட் (கிட்ல வர்ற டெஸ்ட் மருந்து) காலாவதி தேதி பாத்து வாங்குங்க, வெயில்ல வண்டிலயே வெச்சுட்டு போகாதீங்க.

கெமிக்கலுக்கு பழைய டெல்லி திலக் பஜார், காரி பாவ்லி ஒட்டினாப்ல இருக்கு. பைப் ஃபிட்டிங்குக்கு சாவ்ரி பஜார், மோட்டார் சாமானுக்கு ஜிபி ரோடு மார்க்கெட், லைட்டு வயருக்கு பகீரத் பேலஸ். ஒரு நாள் முழுக்க நடந்து நாலு கடைல விலை கேளுங்க, ரெண்டாவது தடவை போனா அவங்களே ஞாபகம் வெச்சுப்பாங்க. ஞாயித்துக்கிழமை போய் ஏமாறாதீங்க, மொத்த கடை நிறைய மூடிருக்கும்.

முதல் விசிட்: தண்ணிய விட்டுட்டு மோட்டார் ரூமுக்கு போங்க

எல்லாரும் பூல் ஓரமா நின்னு ஐயோ பச்சையா இருக்கேன்னு பாப்பாங்க. நீங்க நேரா மோட்டார் ரூமுக்கு போங்க, ஏன்னா பச்சைத் தண்ணிய சரி பண்ணிடலாம், ஆனா ஃபில்டர் ஓடலன்னா எத்தன கெமிக்கல் கொட்டினாலும் வீண். விலை சொல்றதுக்கு முன்னாடியே இத பாத்துடணும், பாக்காம ஃபோன்ல விலை சொன்னீங்கன்னா நஷ்டம் உங்க தலைல தான்.

நாலஞ்சு மாசம் ஓடாத மோட்டார நேரா சுவிட்ச் போட்டீங்கன்னா ஜாம் ஆகி காயில் எரிஞ்சு போகும். மெயின ஆஃப் பண்ணிட்டு பின்னாடி ஃபேன் மூடிய கழட்டி கையால ஷாஃப்ட சுத்தி பாருங்க, லேசா சுத்தணும். ஒயர எலி கடிச்சிருக்கான்னு பாருங்க, குளிர்காலத்துல எலிக்கு அந்த ரூம் தான் வீடு. எர்த்திங் இருக்கா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன் அமுக்கினா டிரிப் ஆகுதா, தண்ணிக்குள்ள இருக்கற லைட் 12 வோல்ட் தானா, எவனாவது நேரா 230 குடுத்து வெச்சிருக்கானா, இது எல்லாத்தையும் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன வெச்சு பாத்து எழுதி வாங்குங்க. இதுல எந்த சமரசமும் வேண்டாம், தண்ணில குழந்தைங்க இறங்கப் போறாங்க.

அப்புறம் மோட்டாருக்கு முன்னாடி இலை குப்பைய புடிக்கற ஸ்டிரெய்னர் மூடிய திறந்து கூடைய கழுவி, ஓ ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் தடவி, தண்ணி ரொப்பி மூடி, வால்வ் எல்லாம் திறந்திருக்கான்னு பாத்துட்டு தான் மோட்டார் போடணும். தண்ணி இல்லாம ரெண்டு நிமிஷம் ஓடினாலே மெக்கானிகல் சீல் போயிடும். ஓட ஆரம்பிச்சதும் ரிட்டர்ன் (தண்ணி பூலுக்கு திரும்பி வர்ற ஓட்டை) வழியா விடாம குமிழி வந்துட்டே இருந்தா சக்ஷன் பக்கம், அதாவது மோட்டார் தண்ணி இழுக்கற பக்கம், எங்கயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம், முக்காவாசி ஸ்டிரெய்னர் மூடி தான். ஃபில்டர்ல தண்ணி போற வழிய மாத்தற மல்டிபோர்ட் வால்வ் கைப்பிடிய மோட்டார் ஓடறப்ப திருப்பவே கூடாது, உள்ள இருக்கற கேஸ்கெட் கிழிஞ்சு போகும், கிழிஞ்சா பேக்வாஷ் (ஃபில்டர்ல தண்ணிய தலைகீழா விட்டு அழுக்க வெளியேத்தறது) லைன்ல எப்பவும் தண்ணி ஒழுகிட்டே இருக்கும், சொசைட்டிக்காரங்க பூல் லீக்னு நெனச்சுட்டு இருப்பாங்க.

ஃபில்டர் பிரஷர் கேஜ் வேலை செய்யலன்னா புதுசு மாட்டுங்க, சின்ன செலவு. பேக்வாஷ் பண்ணி சுத்தமா இருக்கறப்ப எவ்ளோ பிரஷர்னு மார்க்கர்ல டேங்க் மேலயே எழுதிடுங்க, அதுலேந்து 8, 10 பிஎஸ்ஐ ஏறினா அடுத்த பேக்வாஷ். பேக்வாஷ் பண்ணியும் இறங்கலன்னா ஃபில்டருக்குள்ள இருக்கற வடிகட்டி மண்ணு கட்டி தட்டிருக்கு, மூடி திறந்து பாக்கணும், மாத்தணும்னா தனி ரேட். ரிட்டர்ன் வழியா பூலுக்குள்ள மண்ணு வந்தா உள்ள லேட்டரல் பைப் (மண்ண தடுத்து தண்ணிய மட்டும் விடற பைப்) உடைஞ்சிருக்கு.

பூலுக்கு அடில தண்ணிய மோட்டாருக்கு இழுக்கற மெயின் டிரெய்ன் மூடி உடைஞ்சிருக்கா, ஸ்க்ரூ லூஸா இருக்கான்னு கட்டாயம் பாருங்க. மூடி இல்லாத டிரெய்ன் குழந்தையோட முடியையோ கையையோ இழுத்து புடிச்சுக்கும், இழுத்து எடுக்கவே முடியாது. அமெரிக்காவுல இப்படி குழந்தைங்க இறந்த அப்புறம் 2007ல பாதுகாப்பான டிரெய்ன் மூடிக்குன்னே தனி சட்டம் போட்டாங்க. மூடி சரி இல்லன்னா பூல ஒப்படைக்க மாட்டேன்னு நான் எழுத்துலயே குடுத்துடுவேன், ஒரு வேலை போனாலும் பரவால்ல.

ஓவர்ஃப்ளோ பூலா இருந்தா, வழியற தண்ணிய புடிச்சு வெக்க பேலன்சிங் டேங்க்னு ஒண்ணு தரைக்கு அடில இருக்கும். அஞ்சு மாசம் மூடி கிடந்த டேங்க், உள்ள இலை அழுகி ஆக்சிஜன் குறைஞ்சு விஷ வாயு தேங்கிருக்கலாம். கழுவறதுக்கு யாரையும் நேரா இறக்கி விடாதீங்க. மூடிய திறந்து, உள்ள மிச்ச தண்ணிய பம்ப் வெச்சு எடுத்து, ப்ளோயர் வெச்சு நல்லா காத்து ஓட விட்டு, கேஸ் மீட்டர் வாடகைக்காவது எடுத்து பாத்துட்டு, இறங்கறவர் இடுப்புல கயிறு கட்டி மேல ரெண்டு பேர் நின்னு தான் இறங்கணும். உள்ள ஒருத்தர் மயங்கிட்டார்னா காப்பாத்தறேன்னு அடுத்தவர் குதிக்கக் கூடாது, சாக்கடை டேங்க் சாவெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இப்படித்தான் நடக்குது. முடிஞ்சவரைக்கும் மேலேந்தே பிரஷர் வாஷர்ல அடிச்சு பம்ப்ல எடுத்துடுங்க, ஆள இறக்காத வேலை தான் நல்ல வேலை.

இப்ப தண்ணி

முதல்ல பக்கெட் டெஸ்ட். பூல் தண்ணி 10 லிட்டர் பக்கெட்ல எடுங்க, 10 சதவீத லிக்விட் ஹைப்போ குளோரைட் சிரிஞ்சுல 1 மில்லி விட்டு கலக்கி நிழல்ல ராத்திரி பூரா வைங்க. அது கிட்டத்தட்ட 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு) குளோரின். காலைல பச்சை போய் வெள்ளையா கலங்கி அடில படிஞ்சிருந்தா இந்த தண்ணி பொழைக்கும்னு அர்த்தம். பச்சை மாறவே இல்லன்னா இன்னொரு பக்கெட்ல 2 மில்லி பாருங்க. மஞ்ச கலந்த காப்பி கலர் ஆச்சுன்னா தண்ணில இரும்பு இருக்கு, போர் தண்ணில இது சகஜம், அதுக்கு முன்னாடியே கமிட்டிகிட்ட சொல்லிடணும், இல்லன்னா நீங்க மருந்து போட்டு கெடுத்துட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்க. இந்த பக்கெட்ட அப்படியே செக்ரட்டரி முன்னாடி கொண்டு போய் வைங்க, நூறு வார்த்த பேசறத விட அது பேசும், எனக்கு பாதி ஆர்டர் பக்கெட்ட பாத்து தான் கிடைச்சது.

பெரிய பூலுக்கு கணக்கு சுலபம், 1 கன மீட்டர் தண்ணிக்கு 1 கிராம் சுத்தமான குளோரின்னா 1 பிபிஎம். நம்ம 108 கன மீட்டர் பூலுக்கு 10 பிபிஎம் வேணும்னா 1,080 கிராம், 10 சதவீத லிக்விட்னா 10.8 லிட்டர், 65 சதவீத கால்சியம் ஹைப்போ (தூள் குளோரின்)ன்னா சுமார் 1.7 கிலோ. டெல்லி போர் தண்ணி ஏற்கனவே கடினம், அதுல கால்சியம் ஹைப்போ போட்டா சுண்ணாம்பு மாதிரி கலங்கும், டைல்ஸ்ல வெள்ளையா படியும், அதனால நான் லிக்விட் தான் போடறேன். ஆனா லிக்விட் வெயில்ல வீரியம் போயிடும், ஒரு மாசம் பழசு வாங்காதீங்க.

வரிசைய மாத்தாதீங்க. முதல்ல வலை போட்டு இலை எல்லாம் எடுக்கணும், ஏன்னா இலை கிடக்கற வரைக்கும் குளோரின் அத தான் தின்னும். கொசுப் புழுவ தின்ன கம்பூசியா மீன் விட்டிருந்தாங்கன்னா இந்த கட்டத்துலயே புடிச்சு வேற தொட்டிக்கு மாத்திடுங்க. அப்புறம் சுவரு, படி, மூலை எல்லாம் பிரஷ் போட்டு தேய்க்கணும், பாசி மேல வழவழன்னு ஒரு தோல் இருக்கும், அத கிழிச்சா தான் மருந்து உள்ள போகும். பிஹெச்ச 7.2 பக்கம் இறக்குங்க, 8க்கு மேல இருந்தா போடற குளோரின்ல பெரும்பகுதி வேலை செய்யாது. சாயங்காலம் வெயில் சாஞ்ச அப்புறம் ஷாக் போடுங்க, பகல்ல போட்டா சூரியன் தின்னுடும். மோட்டார் 24 மணி நேரமும் ஓடணும், பிரஷர் ஏற ஏற பேக்வாஷ், முதல் ரெண்டு நாள் ஒரு நாளைக்கு மூணு தடவை கூட வரும். காலைல குளோரின் பாருங்க, பூஜ்யம்னா சாயங்காலம் மறுபடி போடுங்க. ராத்திரி போட்டது காலைல கிட்டத்தட்ட அப்படியே நின்னா பாசி செத்துடுச்சு. பொறுமை இல்லாம நடுவுல ஒரு நாள் விட்டீங்கன்னா முதல்லேந்து ஆரம்பிக்கணும், இந்த இடத்துல தான் புதுசா வர்றவங்க தோத்துப் போறாங்க.

பச்சை போய் பால் மாதிரி ஆனதும் படிகாரம் இல்லன்னா பிஏசி (ரெண்டும் அழுக்க ஒண்ணா சேத்து அடில படிய வெக்கற மருந்து). அளவ பக்கெட்ல பாத்து முடிவு பண்ணிட்டு, கரைச்சு மேல பரவலா ஊத்தி, மோட்டார நிறுத்தி, ராத்திரி பூரா தண்ணிய அசைக்காம விடணும். காலைல எல்லா அழுக்கும் அடில பஞ்சு மாதிரி உக்காந்திருக்கும். அத மெதுவா வேக்யூம் பண்ணி ஃபில்டருக்குள்ள விடாம நேரா வேஸ்ட் லைன்ல விடுங்க, ஃபில்டர்ல விட்டா மண்ணு கட்டி புடிச்சுக்கும். இதுல கொஞ்சம் தண்ணி போகும், அவ்வளவு தான் போகணும். வேஸ்ட் தண்ணிய குளோரினோட செடிக்கு விட்டா மாலி பையா உங்கள சும்மா விடமாட்டார், குளோரின் இறங்கின அப்புறம் விடுங்க.

கடைசில பேலன்ஸ். டோட்டல் ஆல்கலினிட்டி (பிஹெச் தடுமாறாம புடிச்சு வெக்கறது) 80லேந்து 120 பிபிஎம், குறைவா இருந்தா சோடியம் பைகார்பனேட், நம்ம வீட்டு ஆப்ப சோடா தான், இந்த பூலுக்கு 10 பிபிஎம் ஏத்த சுமார் 1.8 கிலோ. பிஹெச் 7.2லேந்து 7.6, குளோரின் 1லேந்து 3 பிபிஎம். பூல் தண்ணி தரத்துக்கு ஐஎஸ் 3328னு இந்திய ஸ்டாண்டர்டே இருக்கு, அத வாங்கி படிச்சு வெச்சுக்கோங்க, கேக்கற கமிட்டி மெம்பர்ல ஒருத்தர் கட்டாயம் ரிட்டயர்ட் இன்ஜினியரா இருப்பார்.

எப்ப தண்ணிய மாத்தணும்

மாத்தியே ஆகணும்ங்கற கேஸும் உண்டு. சாக்கடை கலந்திருந்தா யோசிக்காதீங்க. சயனூரிக் ஆசிட் (வெயில்ல குளோரின் போகாம காப்பாத்தற கெமிக்கல்) 100 பிபிஎம் தாண்டிருந்தா கெமிக்கல் போட்டு குறைக்க முடியாது, பாதி தண்ணிய மாத்தணும். வருஷக்கணக்கா டிசிசிஏ மாத்திரை மட்டுமே போட்ட பூல்ல இது நடக்கும், அந்த மாத்திரை 10 பிபிஎம் குளோரின் குடுக்கறப்ப கூடவே 6 பிபிஎம் சயனூரிக்கும் சேத்துட்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல குளோரின் இருந்தும் பாசி வரும்.

பூல முழுசா காலி பண்றதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. யமுனை ஓரம் நிலத்தடி தண்ணி மேல இருக்கற இடத்துல காலி பூல அடிலேந்து தண்ணி தள்ளும், தரை வெடிக்கும், சின்ன பூல்னா அப்படியே தூக்கிடும். அடில நிலத்தடி தண்ணி அழுத்தத்த இறக்கற ரிலீஃப் வால்வ் இருக்கான்னு தெரியாம காலி பண்ண ஒத்துக்காதீங்க. அதோட ஏப்ரல் வெயில்ல காலியா ரெண்டு நாள் கிடந்தா டைல்ஸ் தானா கழண்டு வரலாம், பழி உங்க மேல.

கெமிக்கல்கிட்ட பயம் இருக்கணும்

ஆரம்பத்துல ஒரு தடவை ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் ஒரே ஆட்டோல பக்கத்து பக்கத்துல வெச்சு எடுத்துட்டு போனேன், ஒரு மூடி லூஸ், ஸ்பீட் பிரேக்கர்ல சிந்தி ரெண்டும் கலந்து புகை மாதிரி குப்புனு வந்துச்சு. நானும் ஆட்டோக்காரரும் வெளில குதிச்சு ஓடினோம், அவருக்கு மூச்சு சரியாக அரை மணி ஆச்சு. அவரு குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லிருப்பேன்னு இன்னிக்கும் நெனைப்பேன். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தா குளோரின் வாயு, அதனால வேற வேற நாள்ல எடுத்துட்டு போங்க, வேற வேற ரூம்ல வைங்க. டிசிசிஏவையும் கால்சியம் ஹைப்போவையும் கலந்தா தீப்பிடிச்சு வெடிக்கும், ஒரே மக்க ரெண்டுத்துக்கும் போடறது கூட தப்பு. எப்பவும் தண்ணில மருந்த போடுங்க, மருந்து மேல தண்ணி ஊத்தாதீங்க. கூட வேலை செய்யற பையனுக்கு கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க் வாங்கி குடுத்துட்டு போட்டானான்னு நின்னு பாருங்க, வாங்கி குடுத்தா மட்டும் போதாது.

காசு, பேப்பர்

ரேட்ட பூல் சைஸ் வெச்சு மட்டும் சொல்லாதீங்க. எத்தன நாள், எத்தன ஆள், எவ்ளோ கெமிக்கல், போக்குவரத்து, ரெண்டு நாள் கூட இழுத்தா என்னன்னு கூட்டி அதுக்கு மேல உங்க லாபம். கெமிக்கல் எவ்ளோ ஆகும்னு பக்கெட் டெஸ்ட்லேந்தே தெரிஞ்சுடும். தண்ணி, கரண்ட் சொசைட்டியோடது, ரிப்பேர் சாமான் தனி பில், பாதி அட்வான்ஸ், மீதி ஒப்படைக்கற அன்னிக்கு. இறங்கறதுக்கு முன்னாடி உடைஞ்ச டைல்ஸ், விரிசல் எல்லாம் ஃபோட்டோ எடுத்து செக்ரட்டரிஜிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சின்ன தொழிலுக்கான அரசாங்க பதிவு) இலவசம், ஆன்லைன்ல பண்ணிடலாம், காசு கேக்கற சைட்ட நம்பாதீங்க. சர்வீஸ் மட்டும்னா வருஷம் 20 லட்சம் தாண்டற வரைக்கும் ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்ல, ஆனா டெல்லிலேந்து நொய்டா, குருகிராம் கஸ்டமருக்கு கெமிக்கல தனிப் பொருளா பில் போட்டா அது மாநிலம் தாண்டி பொருள் விக்கற கணக்கு, அதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், முன்னாடியே ஒரு ஆடிட்டர பாருங்க. டெல்லில பூல் லைசன்ஸ் முன்ன போலீஸ் லைசன்சிங் பிரிவு குடுத்துட்டு இருந்தாங்க, 2025 ஜூன்ல அத அவங்ககிட்டேந்து எடுத்து எம்சிடி, என்டிஎம்சி மாதிரி உள்ளாட்சிகிட்ட குடுத்துட்டாங்க. லைசன்சும் லைஃப்கார்டும் பூல் வெச்சிருக்கறவங்க பொறுப்பு, உங்களோடது இல்லன்னு கான்ட்ராக்ட்ல ஒரு வரி இருக்கட்டும்.

கஸ்டமர் புடிக்க விளம்பரம் எல்லாம் வேண்டாம். ஃபெசிலிட்டி மேனேஜர் ஒருத்தர் வேலைல திருப்தியானா அவர் சொசைட்டி மாறறப்ப உங்களையும் கூட்டிட்டு போவார். முதல் வருஷம் நாலு பூலுக்கு மேல எடுக்காதீங்க, மார்ச் கடைசில எல்லாரும் ஒரே நேரத்துல ஃபோன் பண்ணுவாங்க, ஒருத்தர ஏமாத்தினா அந்த செக்டார் பூரா பரவிடும். சீசன் இல்லாத மாசம் ஓவர்ஹெட் டேங்க், சம்ப் கழுவற வேலையும், உள்ளரங்க ஹீட்டட் பூல் மெயின்டனன்சும் கைல வெச்சுக்கோங்க, கூட இருக்கற பசங்களுக்கு சம்பளம் ஓடும்.

ஒப்படைக்கற அன்னிக்கு ஆழமான இடத்துல மெயின் டிரெய்ன் மூடியோட ஸ்க்ரூ மேலேந்து தெளிவா தெரியணும், தெரியலன்னா இன்னும் ஒரு நாள் கேளுங்க. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல தண்ணி குடுத்து கோலிஃபார்ம், ஈ கோலை கிருமி ரிப்போர்ட் வாங்கி நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க. ஆபரேட்டர் பையாவ கூட உக்கார வெச்சு, காலைல சாயங்காலம் என்ன டெஸ்ட், எப்ப பேக்வாஷ், மே மாசம் புழுதிப்புயல் அடிச்சா மறுநாள் என்ன பண்ணணும்னு அவர் கையாலயே ஹிந்தில எழுத வெச்சு மோட்டார் ரூம் சுவத்துல ஒட்டுங்க. மீதி செக் வாங்கறப்பவே அக்டோபர்ல குளோசிங்குக்கு என்ன தேதின்னு கேட்டு, அதே ரிஜிஸ்டர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு கிளம்புங்க.